இசக்கியம்மாளின் கண்ணில் குறையில்லை

முதலில் ஒரு திருத்தம். இசக்கியம்மாள் கண் மங்கிப்போனதால் நெசவை விட்டாள் என்று சங்கத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களில் நான்கு பேர் அதைச் சொன்னார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். சங்கத்தின் பதிவேட்டிலும் 'பார்வைக் குறைவு காரணமாக விலகினார்' என்றுதான் எழுதியிருக்கிறது. அது பொய். அறுபத்தாறு வயதிலும் அவள் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள். அவள் நெசவை விடவில்லை. விட வைக்கப்பட்டாள். அதைச் செய்தவள் நான்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "லலிதா மாமிதான் அவங்களோட ஜோடியா இருந்தது. நல்லதா நாலு வார்த்தை எழுதணும்" என்றார். நல்லதாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. சரியாக எழுதுவேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவள் மகள் செல்வி. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்ததால் இரண்டு மொழியும் கலந்துதான் பேசுவாள்.

"மாமி, அம்ம போயி. வேலைக்குப் போன எடத்துல விழுந்தது. ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்கறோம்."

எங்கே என்று கேட்டேன்.

"நீங்க வரணும்னு ஒண்ணும் இல்ல. மாமிக்குச் சொல்லணும்னு அம்ம முன்னமே பறஞ்சிருந்தது. சொல்லியாச்சு. வெச்சிடறேன்."

நான் போகவில்லை. முழங்கால் வலி என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அன்று முழங்காலில் வலி எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து நடந்த கூட்டத்துக்கு மட்டும் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி இருந்தாள் என்று ஒருவர் பேசினார். இசக்கியம்மாள் யாருக்கும் தாய் மாதிரி இருந்ததில்லை. செல்விக்குக் கூடப் பாதி நாள் மேஸ்திரி மாதிரிதான் இருந்தாள். யார் மனதையும் நோகடிக்காதவள் என்றார் இன்னொருவர். அந்தக் கூடத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் ஒருவரும் கிடையாது. பாவு அறுந்துவிட்டதென்று ஒரு பெண் தறிக் குழியில் உட்கார்ந்து அழுதபோது, "அழுதா இழை ஒட்டுமாட்டி? எச்சி தொட்டு முறுக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தவள் அவள். அந்தப் பெண்ணே கூட்டத்தில் மாலை போட்டாள். செத்தவளைப் பற்றி இவ்வளவு பொய்யைக் கேட்டுக்கொண்டு நானும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

நாங்கள் இருவரும் சங்கத்தில் சேர்ந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரே நாளில். என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய கோட்டைப் பகுதியில் எங்கள் தெருவில் கணவனை இழந்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள், அல்லது அமெரிக்காவுக்குப் போவார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நூலை வைத்து ஏதாவது ஒழுங்காகச் செய்யக் கற்க வேண்டும் என்று தோன்றியது. அவள் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு இருபது வயதில் இந்த ஊருக்கு வந்து, அவர் போன பிறகு ஓட்டல்களில் மாவரைத்தும் காய் நறுக்கியும் மகளை வளர்த்தவள். வயதாகிவிட்டது என்று ஓட்டலில் நிறுத்திவிட்டார்கள். நெசவுப் பயிற்சியில் தேறினால் சங்கத்திலேயே ஒரு தறியும் தொடர்ந்து வேலையும் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, வந்தாள். எனக்கு அது படிப்பு. அவளுக்கு அது சோறு. இந்த வித்தியாசம் எனக்கு அன்றே தெரியும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நெசவறியாதவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றை விளக்க வேண்டும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள். நெய்யத் தொடங்கும் முன் அதன் ஒவ்வோர் இழையையும், வரிசை தவறாமல், விழுது என்னும் நூல் கண்ணியில் நுழைக்க வேண்டும். எந்த இழை எந்த விழுதில் போகிறது என்பதை வைத்துத்தான் துணியில் பூவோ கட்டமோ விழும். இதற்குக் கோப்பது என்று பெயர். இரண்டு பேர் வேலை. ஒருவர் தறிக்குப் பின்னால் இருந்து இழையை எடுத்துக் கொடுப்பார். முன்னால் இருப்பவர் கொக்கியால் இழுப்பார். அதனால் எங்கள் சங்கத்தில் கற்பதும் ஜோடியாக, தேறுவதும் ஜோடியாக. ஒருவர் தேறி ஒருவர் தவறுவது என்பது கிடையாது. எங்களுக்குக் கற்றுத் தந்த வேலாயுதன் மாஸ்டர், இரண்டு பேரும் தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக எங்களை ஜோடி சேர்த்தார்.

முதல் நாள் அவள் கேட்டாள்: "மாமிக்கு என்ன வயசு இருக்கும்?"

"அறுபத்தாறு."

"எனக்கும் அதான் வரும். அப்ப ரெண்டு பேரும் ஒண்ணு."

"வயசு ஒண்ணா இருக்கலாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சம் அவளுக்குப் புரிந்தது. அவள் என்னைக் கடைசிவரை நீங்கள் என்றாள். நான் அவளைக் கடைசிவரை நீ என்றேன்.

வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு போவேன். மற்ற டம்ளர்களோடு வைக்காமல் ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைப்பேன். இரண்டாம் வாரம் ஒரு நாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இசக்கியம்மாள் நேராகப் போய் அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தாள். அண்ணாந்து அல்ல, வாயில் வைத்து. பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி என் கையில் கொடுத்தாள். "பளபளன்னு ஆக்கியாச்சு மாமி. ஒட்டிட்டு வந்தது எதுவும் இருக்கான்னு பாத்துக்கிடுங்க." கூடம் முழுவதும் சிரித்தது. மறுநாள் நான் வேறு டம்ளர் கொண்டு போனேன்.

என் கணவர் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அதை நான் பேச்சில் அடிக்கடி சொல்வேன் போலிருக்கிறது. ஒரு நாள் குறுக்கு நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டே அவள், "மாமி வீட்டுக்காரர் செத்த பொறவும் ஆபீசுக்குப் போறாரோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் குனிந்து நூலைப் பார்த்தார்கள். அவள் எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயரும் வைத்தாள். நான் நடப்பதுபோல் நடந்து காட்டுவாள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

இவ்வளவும் இருந்தும், வேலையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க அந்த வருடம் ஆள் இல்லை. கான்வென்டில் பத்து வருடம் பூத்தையல் படித்த எனக்கு இரண்டு மாதமானது அவளுக்குப் பத்து நாள். இழையைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் ஒரு தடவை உருட்டுவாள். பிறகு அது எத்தனையாம் நம்பர் நூல், எங்கே முறுக்குத் தளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவாள். எழுத்து மட்டும் தெரியாது. மாதிரி வரைந்த காகிதத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை. "இதுல என்னன்னு போட்டிருக்கு மாமி?" என்று அவள் கேட்கும்போது நான் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்வேன். ஒரு நாள் அவளும் சொன்னாள்: "மெதுவாவே படிங்க. காயிதம் எங்கயும் ஓடிராது. நூலுக்குத்தான் படிக்கத் தெரியாது, அது அறுந்துரும்."

தேர்வுத் துணிக்கு எங்களுக்கு வந்தது வெள்ளையில் வெள்ளை: ஒரு பக்கம் மட்டும் பூக்கரை வைத்த முண்டு. கரைக்கு உரிய இழைகள் மட்டும் சற்றுத் தடித்த நூல். நிறத்தில் வித்தியாசம் கிடையாது. காகிதத்தில் 'வலது ஓரம், கரை' என்று இருந்தது. வித்துராவில் மாஸ்டரின் உறவில் ஒரு சாவு. அவர் மூன்று நாள் ஊரில் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் சண்டை இல்லாம கோத்து வெச்சா மதி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். காகிதம் என் மடியில். என் வலது கை ஓரத்திலிருந்து இழையை எடுத்துக் கொடுத்து, கரைக்கு உரிய விழுது எண்களைப் படிக்கத் தொடங்கினேன். பத்து இழை போயிருக்கும். அவள் கொக்கியை நிறுத்தினாள்.

"மாமி, இது சன்ன இழைலா. தடிச்ச இழை அந்தக் கடைசில கெடக்கு."

"வலது ஓரம்னு போட்டிருக்கு. இதுதான் வலது."

"ஒங்களுக்கு வலது. நீங்க பொறத்த இருக்கியோ. நெய்யுதவளுக்கு வலது இந்தப் பக்கம்லா வரும்?"

"படிச்சது நீயா, நானா?"

"நீங்கதான் படிச்சிய."

"அப்போ இழு."

இழுத்தாள். இரண்டரை நாள், ஆயிரக்கணக்கான இழைகள், ஒரு வார்த்தை பேசாமல் இழுத்தாள். காகிதத்தில் இருப்பதற்கு மேல் பேச்சில்லை என்று சின்ன வயதில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது அவர்கள் தவறு ஆகாது. அந்தக் காகிதம் தறிக்கு முன்னால் உட்காருபவளுக்காக வரைந்தது என்பதைப் பார்க்காதது என் தவறு.

மாஸ்டர் திரும்பி வந்து மிதியை மிதித்துக் குறுக்கே நாலு ஊடை இழை ஓட்டினார். சன்ன இழையில் பூ உருத்தெரியாமல் நசுங்கி விழுந்தது. மறு ஓரத்தில் தடித்த இழைகள் மொட்டையாகக் கிடந்தன. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இதை ஒருவரும் சந்தேகப்பட வேண்டாம். புரிந்த பிறகுதான் நான் பேசினேன்.

"இது யாரு கோத்தது? இடம் வலம் மாறிப்போயல்லோ" என்றார் மாஸ்டர். கூடத்தில் எல்லாத் தறியும் நின்றது.

"இடது எது வலது எதுன்னு தெரியாதவள வெச்சுண்டு நான் என்ன பண்ணட்டும் மாஸ்டர்? படிக்கத்தான் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றேன்.

சிரித்தார்கள். டம்ளருக்குச் சிரித்த அதே ஆட்கள். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலரும் அதில் உண்டு.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "மாமி படிச்சாங்க, நான் இழுத்தேன்" என்று மட்டும் அவள் சொன்னாள். நடந்தது முழுவதும் அந்த நாலு வார்த்தையில் இருந்தது. ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைமைப் பொறியாளரின் மனைவிக்கு வலது கை தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

மாஸ்டர் நியாயமான மனிதர்தான். ஆனால் அவருக்கும் படித்தவர்களிடம் பயம் உண்டு. இனி இசக்கியம்மாள் கோக்க வேண்டாம், தேர்வில் உட்கார வேண்டாம், தார் சுற்றினால் போதும் என்றார். தார் சுற்றுவது புதிதாகச் சேருபவர்களுக்குத் தரும் வேலை. அந்தப் பாவை அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டியிருந்தது. நான் விரல் வலிக்கிறது என்று வீட்டில் இருந்துகொண்டேன். நான்காம் நாள் போனபோது பாவு கோத்து, நெய்வதற்குத் தயாராக இருந்தது. மாஸ்டரிடம் போய் அவளே கேட்டாளாம்: "எழுதுனதத் தள்ளிட்டு இழையத் தொட்டுக் கோக்கட்டா? ஒரு தடவ மட்டும்." இரண்டு பேர் வேலையைத் தனியாக, முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை என்று எழுந்து எழுந்து உட்கார்ந்து செய்திருக்கிறாள். ஒரு இழை பிசகவில்லை. அதை என்னிடம் காட்டிவிட்டு, "இப்ப நெய்யுங்க ஹெட்மிஸ்ட்ரஸ். கரை ஒங்க சோத்துக்கைப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தார் சுற்றப் போனாள்.

அந்தப் பாவில் நெய்த துணியைக் காட்டி நான் தேறினேன். ஜோடியில் ஒருத்திக்குச் சான்றிதழ் கொடுத்தது சங்கத்தில் அது முதல் தடவை; இதுவரை அதுதான் கடைசி. அவள் பதினொரு நாள் தார் சுற்றிவிட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பதிவேட்டில் ஏதாவது எழுத வேண்டுமே. அப்போது செயலாளராக இருந்தவர் என்னைத்தான் கேட்டார். "கண் தெரியலைன்னு போட்டுடுங்கோ, அவளுக்கும் கௌரவமா இருக்கும்" என்று சொன்னேன். இப்போது நீங்கள் எல்லோரும் உருக்கமாகச் சொல்லும் வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான்.

அவள் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்காரர்களுக்குச் சமைக்கும் கூடத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். நான் வாரம் மூன்று நாள் சங்கத்தில் நெய்தேன். கண்காட்சியில் என் துணியைப் பாராட்டினார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பை ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு அவள் இருந்த வரிசை வீட்டைத் தேடிப் போனேன். ஏன் அத்தனை வருடம் கழித்து என்று கேட்டால், அந்த வாரம் என் வகுப்புத் தோழி ஒருத்தி இறந்திருந்தாள், எனக்குப் பயம் வந்துவிட்டது என்பதைத் தவிர உயர்வான காரணம் எதுவும் இல்லை. இசக்கியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, ஹெட்மிஸ்ட்ரஸா? நாற்காலி கெடையாது. கட்டில்ல உக்காந்தா மாமி கரைஞ்சிர மாட்டீயன்னா உக்காருங்க."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு இடம் மாறி எடுத்துக் குடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் உன் மேல பழியப் போட்டேன். மன்னிச்சுக்கோ."

"தெரியும்" என்றாள். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்குக் கூடத்துல எத்தன பேரு இருந்தாவ?"

"பதினாறு பதினேழு பேர் இருக்கும்."

"இப்ப இங்க எத்தன பேரு இருக்கோம்?"

நான் பழப் பையைக் கட்டிலில் வைத்தேன்.

"அத்தன பேரு முன்னால சொன்னதுக்கு, ஒத்தைல வந்து எங்காதுல சொன்னா எப்படி மாமி? நீங்க வந்தது ஒங்க வயித்துப் பாரத்த எறக்க. எனக்கு எதுக்கு அது? அங்க போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. சாயா போட்டு வைக்கேன்."

எழுந்து வந்தேன். வாசல் வரை வந்து பையைத் திருப்பிக் கொடுத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. எனக்கு சுகரு."

அதன் பிறகு மூன்று மாதாந்தரக் கூட்டங்கள் நடந்தன. மூன்றுக்கும் இந்த எண்ணத்தோடுதான் போனேன். முதல் கூட்டத்தில் எழவில்லை. இரண்டாவதில், ஆட்கள் குறைவு, அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாவதில் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். நான்காவது கூட்டம்தான் இரங்கல் கூட்டம்.

அவள் என்னை மன்னித்துவிட்டுப் போனாள் என்று இந்த மலரில் யாரும் எழுத வேண்டாம். அவள் மன்னிக்கவில்லை. என்ன செய்தால் மன்னிப்பாள் என்று தெளிவாகச் சொன்னாள். நான் அதை அவள் உயிரோடு இருக்கும்போது செய்யவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது தேர்வுக்கு நெய்த அந்த முண்டு. பீரோவில் இருக்கிறது, ஒரு முறையும் பிரித்து உபயோகித்ததில்லை. நெய்தது நான், கோத்தது அவள். சரியாகக் கோத்தவளின் கை துணியில் எங்கும் தெரியாது. தவறாகக் கோத்தால் மட்டும்தான் தெரியும். இப்போதெல்லாம் காகிதத்தைப் பிரிக்கும் முன் பாவின் இரண்டு ஓரத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். இந்த வழக்கத்தை யாரிடம் கற்றேன் என்று கேட்ட இரண்டு பேரிடம் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இசக்கியம்மாளிடம்.

செயலாளருக்கு: இத்துடன் என் சான்றிதழை அனுப்பியிருக்கிறேன். ஜோடியாகத்தான் தேற வேண்டும் என்பது சங்கத்தின் விதி. தேறியவர்கள் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதுங்கள். முடியாதென்றால் என் பெயரையும் அடித்துவிடுங்கள். பதிவேட்டில் கண்ணைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, உடன் பயின்றவர் சொன்ன பொய்யால் விலக நேர்ந்தது என்று எழுதுங்கள். என் பெயரைப் போடலாம். இந்தக் கட்டுரையில் ஒரு வரியையும் வெட்டாமல் அச்சிட வேண்டும். இயலாவிட்டால் அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து முழுவதையும் வாசிப்பேன்.

இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எனக்கு ஒன்றும் செல்விக்கு ஒன்றுமாக, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.